சுவீடன் ஊரடங்கு போடாதது சரியா, தவறா? எந்தக் கணக்கைக் கொண்டு தீர்ப்பது?

கேள்வி: நெய்தல்நிலவன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் விரைவில் நடக்கவிருக்கும் ஒரு கலந்துரையாடலுக்காக, கொரோனா காலத்தில் சுவீடன் எடுத்த முடிவுகளைப் பற்றிப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. 2020 மார்ச்சில் டென்மார்க்கும் நார்வேயும் பள்ளிகளை மூடி, எல்லைகளையும் அடைத்தபோது, சுவீடன் மட்டும் பதினாறு வயதுக்குட்பட்டோர் படிக்கும் பள்ளிகளையும் கடைகளையும் உணவகங்களையும் திறந்தே வைத்திருந்தது. அரசுத் தொற்றுநோயியல் வல்லுநர் ஆண்டர்ஸ் டெக்னெல் ஒருசாராருக்கு வீரராகவும் மறுசாராருக்குக் குற்றவாளியாகவும் ஆனார்.

அந்த ஆண்டு மே மாத இறுதியில் சுவீடனில் இறந்தோர் எண்ணிக்கை 4,300ஐத் தாண்டியிருந்தது. டென்மார்க்கில் அது 600க்கும் குறைவு. நார்வேயில் 240க்கும் குறைவு. சுவீடனின் மக்கள்தொகை அவ்விரு நாடுகள் ஒவ்வொன்றின் மக்கள்தொகையைப் போல ஏறத்தாழ இருமடங்குதான் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இது மோசமான தோல்வி. ஆனால் 2020 முதல் 2022 வரையிலான மூன்று ஆண்டுகளையும் சேர்த்து மிகை இறப்பைக் கணக்கிட்டவர்கள், ஐரோப்பாவிலேயே மிகக் குறைவான நாடுகளின் வரிசையில் சுவீடனை வைக்கிறார்கள். ஒரே நாடு, ஒரே நோய். ஒரு கணக்கில் படுதோல்வி, மற்றொன்றில் வெற்றி. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? ஊரடங்கு தேவையே இல்லை என்பதற்குச் சுவீடன் சான்றாகுமா? புள்ளியியல், நிர்வாகம் அறிந்தவர்களும் அந்நாட்டில் வாழ்ந்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: கணக்கன்

இரண்டும் உண்மையாக இருக்க முடியும். ஏனெனில் அவை ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல.

கொரோனாவால் இறந்தவர்கள் என்று பதிவானோரின் எண்ணிக்கை, பரிசோதனை எவ்வளவு நடந்தது, யாரைக் கொரோனா மரணமாக எழுதினார்கள் என்பவற்றைப் பொறுத்தது. மிகை இறப்பு அப்படியன்று. வழக்கமாக ஓர் ஆண்டில் இத்தனை பேர் இறப்பார்கள் என்று ஓர் அடிப்படையை வைத்துக்கொண்டு, உண்மையில் இறந்தோர் அதைவிட எத்தனை பேர் கூடுதல் என்று பார்ப்பதே அது. நாடுகளை ஒப்பிட அதுவே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அடிப்படையை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்காமல் எந்தத் தரவரிசையையும் நம்பக் கூடாது.

சுவீடனையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டில் 2018இல் இறந்தவர்கள் 92,185 பேர். 2019இல் 88,766 பேர். 2020இல் 98,124 பேர். 2021இல் 91,958 பேர். 2019 வழக்கத்துக்கு மாறாக இறப்பு மிகக் குறைந்த ஆண்டு. அதை மட்டும் அடிப்படையாக வைத்தால் 2020இன் மிகை இறப்பு 9,300ஐத் தாண்டும். 2018ஐ வைத்தால் அது ஆறாயிரத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். முந்தைய ஐந்தாண்டுச் சராசரியை எடுப்போரும் உண்டு. மக்கள்தொகை வளர்வதையும் மூப்படைவதையும் ஆயுள் நீள்வதையும் கணக்கில் சேர்த்து ஒரு போக்குக்கோட்டை வரைவோரும் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு எண்ணைத் தரும். 2021இல் இறந்தோர் 2018ஐ விடவும் குறைவு என்பதையும் கவனியுங்கள். மூன்றாண்டுத் தொகையில் சுவீடன் நல்ல இடத்துக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு காரணம் அண்டை நாடுகளின் பக்கம் இருக்கிறது. 2020இல் நார்வேயின் ஆயுள் எதிர்பார்ப்பு கூடியது, சுவீடனில் குறைந்தது. ஆனால் கட்டுப்பாடுகள் நீங்கிய 2022இல் நார்வேயிலும் பின்லாந்திலும் மிகை இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தது. ஆகவே மூன்றாண்டுகளையும் கூட்டும்போது இடைவெளி சுருங்குகிறது. சிலர் இதை வைத்து, எல்லா நாடுகளும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன, முன்னே பின்னே என்பதே வேறுபாடு என்கிறார்கள். அந்த வாதம் ஒரு பெரிய உண்மையை மறைக்கிறது. 2020 ஏப்ரலில் நோயுற்ற எண்பது வயதுக்காரருக்குத் தடுப்பூசி கிடையாது. எந்த மருந்து பயன்படும் என்பதும் மருத்துவர்களுக்குத் தெரியாது. 2022இல் நோயுற்றவருக்கு இரண்டும் இருந்தன. ஓராண்டைத் தள்ளிப்போட்ட நாடு, தன் முதியவர்களுக்கு அந்த ஓராண்டை வாழ்நாளாகவே கொடுத்தது. இறந்தோரின் தலைகளை மட்டும் எண்ணும் மூன்றாண்டுத் தொகையில் அந்த வாழ்நாள் எங்கும் தென்படாது.

இத்தாலி, ஸ்பெயின், பிரிட்டன் போன்ற, ஊரடங்கு போட்ட பெரிய நாடுகளோடு ஒப்பிட்டால் சுவீடன் நன்றாகவே செய்திருக்கிறது. ஆனால் அதை வைத்து ஊரடங்கு வீண் என்று முடிவுகட்டுவது அவசரம். பிரிட்டன் ஊரடங்கு போட்டது உண்மை; எவ்வளவு தாமதமாகப் போட்டது என்பதும் உண்மை. சுவீடனில் தனியாக வாழ்வோர் மிக அதிகம். பல தலைமுறைகள் ஒரே கூரையின்கீழ் வாழும் வழக்கம் குறைவு. வீட்டிலிருந்தே வேலை செய்யக்கூடிய பணிகளும் கணிசம். எனவே ஒப்பிட வேண்டியது அதைப் போன்றே வாழும் டென்மார்க், நார்வே, பின்லாந்து ஆகிய வட ஐரோப்பிய நாடுகளோடுதான். அப்படி ஒப்பிட்டால் 2020இன் முதல் பாதியில் சுவீடன் தவறவிட்டது என்பதே என் கணிப்பு. பிந்தைய காலத்தில் அது தவறவிட்டதாகச் சொல்ல எண்களில் வலுவான ஆதாரம் இல்லை.

மறுமொழி: மேலாரன்கரை

2020இல் ஸ்டாக்ஹோமின் புறநகர் ஒன்றில் இருந்த முதியோர் இல்லத்தில் மணிக்கணக்கு ஊதியத்தில் உதவியாளராக வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இல்லத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் இல்லத்துக்கு மட்டும் உரிய கதையாக இது இருந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன்.

வெளிநாட்டார் நடத்தும் விவாதங்களில் எப்போதும் உணவகங்களும் பூங்காக்களுமே பேசப்படுகின்றன. முதல் அலையில் சுவீடனில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதியோர் இல்லவாசிகள். அதற்கு மேலும் பெரும் பகுதியினர் நகராட்சியின் வீட்டுப் பராமரிப்பில் இருந்தவர்கள். இந்த நோய் உணவக மேசையிலிருந்து நேராக அவர்களிடம் போகவில்லை. எங்களோடு போயிற்று. காலையில் ஒரு மாடியில், மாலையில் வேறொரு மாடியில், வார இறுதியில் வேறோர் இல்லத்தில் என்று சுற்றிவந்த தற்காலிக ஊழியர்களோடு போயிற்று.

அரசு மார்ச்சிலேயே ஒரு நல்ல காரியம் செய்தது. நோய் விடுப்பின் முதல் நாளுக்கு ஊதியம் இல்லை என்ற வழக்கமான விதியின் சுமையை அரசே ஏற்றது. மருத்துவச் சான்று கேட்பதையும் தளர்த்தியது. நிரந்தர வேலையில் இருந்தவர்கள் தும்மல் வந்தாலும் வீட்டிலிருக்க முடிந்ததற்கு இதுவே காரணம். மக்கள் தாமாகக் கட்டுப்பட்டார்கள் என்று புகழப்படுவதில் ஒரு பாதி இதுதான் என்பேன். ஆனால் எங்களைப் போன்றோருக்கு அடுத்த வாரம் வேலைநேரம் ஒதுக்கப்பட்டிருந்தால்தானே விடுப்பு ஊதியம் என்ற பேச்சே வரும்? கைபேசியில் குறுஞ்செய்தி வந்தால் வேலை. மறுத்தால் அடுத்த செய்தி வராது என்ற அச்சம். இந்த நிலையில் இருந்தவர்களிடம் "பொறுப்போடு நடந்துகொள்ளுங்கள்" என்று அறிவுரை சொல்வது எளிது.

பாதுகாப்பு உடைகளும் முகக்கவசங்களும் முதல் வாரங்களில் போதவில்லை. அறிகுறி இல்லாதவர் வேலைக்கு வரலாம் என்பதே அப்போதைய வழிகாட்டல். மருத்துவர் தொலைவில் இருந்தார். சுவீடனில் முதியோர் பராமரிப்பு 290 நகராட்சிகளின் பொறுப்பு, மருத்துவம் 21 மண்டலங்களின் பொறுப்பு. நகராட்சி தன் இல்லத்துக்கென்று மருத்துவரை வேலைக்கு வைத்துக்கொள்ள அப்போது சட்டத்தில் இடமிருக்கவில்லை. சில இடங்களில் மருத்துவர் நோயாளியை நேரில் பார்க்காமலேயே தொலைபேசி வழியாகத் தணிப்பு மருத்துவத்துக்கு (நோயைக் குணப்படுத்த முயலாமல் வேதனையை மட்டும் குறைக்கும் சிகிச்சைக்கு) மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2020 நவம்பரில் சுகாதார, சமூகப் பராமரிப்புக் கண்காணிப்பகம், முதியோர் இல்லவாசிகளுக்குத் தனித்தனியான மருத்துவ மதிப்பீடு உரிய அளவில் கிடைக்கவில்லை என்று 21 மண்டலங்களையுமே கண்டித்தது. ஒன்றிரண்டு அல்ல, அத்தனையும்.

குடியேறியவர்களைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டாக்ஹோமில் முதலில் இறந்த 15 பேரில் 6 பேர் சோமாலியப் பின்னணி கொண்டவர்கள் என்பதை அச்சமூகத்து மருத்துவர்களே எடுத்துச்சொன்னார்கள். குடியேறியவர்கள் மிகுதியாக வாழும் ரிங்கேபி, டென்ஸ்டா போன்ற அந்நகரின் புறநகர்ப் பகுதிகளில் சிறிய வீட்டில் பெரிய குடும்பம். ஓட்டுநர், துப்புரவாளர், பராமரிப்பாளர் வேலைகளை வீட்டிலிருந்து செய்ய இயலாது. சுவீடியர் தனியாக வாழ்கிறவர்கள் என்று நண்பர் கணக்கன் எழுதியது சராசரிக்குச் சரி. அந்தச் சராசரியை நம்பி வகுத்த வழிமுறை, அதற்குள் அடங்காதவர்களை முதலில் பலிகொண்டது.

மறுமொழி: பழைய அலுவலர்

மேலே இருவரும் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் யார் முடிவெடுத்தது என்ற கேள்வி இன்னும் தொடப்படவில்லை. பொது நிர்வாகம் கற்பித்தவன் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

வெளியே பலரும் நினைப்பதுபோல் சுவீடன் அரசு "ஊரடங்கு வேண்டாம்" என்று ஒரு நாள் கூடி முடிவெடுக்கவில்லை. அந்நாட்டு அரசியலமைப்பில் அமைதிக் காலத்தில் நெருக்கடிநிலை அறிவிக்க வழியே இல்லை. நடமாடும் உரிமை அரசியலமைப்பால் காக்கப்படுகிறது. தொற்றுநோய்ச் சட்டம் தனிமனிதனின் பொறுப்பையே முதன்மையாக நம்புகிறது. முகமைகள், அதாவது துறைவாரியான அரசு அமைப்புகள், அமைச்சரின் அன்றாடத் தலையீட்டுக்கு அப்பாற்பட்டவை. இத்தகைய அமைப்பில் பிரதமர் ஸ்டீஃபன் லோவேன் பின்னால் நிற்க, பொதுச் சுகாதார முகமையும் டெக்னெலும் முன்னால் வந்ததில் வியப்பில்லை. ஆனால் முகமையின் சுதந்திரம் வேறு, அமைச்சரவை தன் பொறுப்பை முகமையிடம் விட்டுவிடுவது வேறு. கூட்டங்களுக்கு 500 பேர், பிறகு 50 பேர் என்று வரம்பு விதித்தபோதுகூட அது பொதுக்கூட்டங்களுக்கே பொருந்தியது. வணிக வளாகமோ உடற்பயிற்சிக்கூடமோ அதற்குள் வரவில்லை. அவற்றை முறையாகக் கட்டுப்படுத்தும் தற்காலிகப் பெருந்தொற்றுச் சட்டம் 2021 ஜனவரி 10ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. முதல் அலையில் அதிகாரம் இல்லாததை மன்னிக்கலாம். இரண்டாவது அலை வீசிக்கொண்டிருந்தபோதும் அது கையில் இல்லை என்பதை எப்படி மன்னிப்பது?

அறிவியலுக்குள்ளும் ஒருமித்த கருத்து இருந்ததாக எண்ண வேண்டாம். 2020 ஏப்ரல் 14 அன்று 22 ஆய்வாளர்கள் டாகென்ஸ் நிஹீட்டர் நாளிதழில் முகமையைக் கடுமையாகச் சாடி எழுதினார்கள். மே மாதத்துக்குள் ஸ்டாக்ஹோமில் மந்தை எதிர்ப்பாற்றல் (போதுமானவர்கள் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுவதால் நோய் மேலும் பரவ முடியாத நிலை) வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு முகமையின் வட்டாரத்தில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. ஏப்ரல் இறுதியில் எடுத்த மாதிரிகளில் அந்நகரத்தாருள் 7.3 விழுக்காட்டினரிடமே, நோய் வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டது. மந்தை எதிர்ப்பாற்றலை அடைவது தங்கள் இலக்கு அல்ல என்று முகமை தொடர்ந்து சொல்லிவந்தது. ஆனால் பள்ளிகளைத் திறந்துவைத்தால் அந்நிலையை விரைவில் எட்டலாமோ என்று டெக்னெல் மார்ச் மாதத்திலேயே பின்லாந்துச் சகாவுக்கு எழுதிய மின்னஞ்சல் அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியானபோது, அந்த மறுப்பின் மீது நம்பிக்கை குறைந்தது. பரிசோதனையிலும் இதே குளறுபடிதான். வாரத்துக்கு ஒரு லட்சம் என்று ஏப்ரலில் அறிவித்தார்கள். செலவு யாருடையது, பொறுப்பு யாருடையது என்று அரசும் மண்டலங்களும் இழுபறி நடத்தியதில் மே மாதத்தில் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

நீதிபதியாக இருந்த மாட்ஸ் மெலின் தலைமையில் அமைந்த கொரோனா ஆணையம் மூன்று அறிக்கைகள் தந்தது. 2020 டிசம்பரில் வந்த முதல் அறிக்கை, முதியோரைக் காக்கும் முயற்சி தோற்றது என்று சொன்னதோடு, பராமரிப்பு அமைப்பின் குறைகள் நெடுங்காலமாக அறியப்பட்டவை என்பதால் இந்த அரசும் முந்தைய அரசுகளும் பொறுப்பு என்றது. அதே அறிக்கை சமுதாயத்தில் நோய் பொதுவாகப் பரவியிருந்ததையும் முக்கியக் காரணமாகக் காட்டியது. இதை மேலாரன்கரை அவர்கள் கவனிக்க வேண்டும். நார்வேயிலும் முதல் அலையில் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முதியோர் இல்லவாசிகளே. அங்கே மொத்தப் பரவல் சிறிதாக இருந்ததால் இல்லங்களுக்குள் புகுந்ததும் சிறிதாக இருந்தது. வெளியே எரியவிட்டுவிட்டு உள்ளே மட்டும் காப்பாற்றுகிறேன் என்பது நடக்கிற காரியமன்று.

2022 பிப்ரவரி 25இல் வந்த இறுதி அறிக்கைதான் தங்கள் கேள்விக்கு நேர்விடை. கட்டாயத்தைவிட அறிவுரையை நம்பியதும், பொது ஊரடங்கைத் தவிர்த்ததும் அடிப்படையில் சரி என்று அது சொல்கிறது. குடிமக்கள் பல நாடுகளைவிடக் கூடுதல் சுதந்திரத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறது. அதே மூச்சில், 2020 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இன்னும் கடுமையான நடவடிக்கைகள் எடுத்திருக்க வேண்டும் என்றும், அரசு ஒரே முகமையின் சொல்லை அளவுக்கு மீறிச் சார்ந்திருந்தது என்றும் கண்டிக்கிறது. அந்த பிப்ரவரி இறுதியில் ஸ்டாக்ஹோம் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆல்ப்ஸ் மலைகளில் பனிச்சறுக்கி, இத்தாலியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் நோயையும் எடுத்துக்கொண்டு திரும்பின. ஒரு வாரம் வீட்டிலேயே இருங்கள் என்று அவர்களிடம் சொல்ல எந்தச் சட்டத் திருத்தமும் தேவைப்பட்டிருக்காது. கோத்தன்பர்க்குக்கும் மால்மோவுக்கும் அந்த விடுமுறை ஓரிரு வாரம் முன்னதாகவே முடிந்துவிட்டது. தொடக்க வாரங்களில் தலைநகரம் தத்தளித்ததற்கும் தெற்குப் பகுதி ஓரளவு தப்பியதற்கும் கொள்கையைவிட விடுமுறை அட்டவணையே கூடுதல் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே ஊரடங்கு தேவையில்லை என்பதற்குச் சுவீடன் சான்று என்பவரிடம் ஒன்று கேளுங்கள்: 2020 ஜூன் 3 அன்று வானொலியில், இன்று தெரிந்திருப்பது அன்றே தெரிந்திருந்தால் சுவீடன் செய்ததற்கும் உலகின் பிற நாடுகள் செய்ததற்கும் நடுவே எங்கோ நின்றிருப்போம் என்ற பொருளில் பேசியவர் டெக்னெல்தானே? அவரைவிட உறுதியான டெக்னெல் ஆதரவாளர்கள் வெளிநாடுகளில் இருப்பது வேடிக்கை.

நெய்தல்நிலவன்

மூவருக்கும் நன்றி. கேள்வியையே நான் தவறான இடத்தில் வைத்திருந்தேனோ என்று தோன்றுகிறது. ஊரடங்கு போட்டதா இல்லையா என்பதைவிட மார்ச்சின் முதல் வாரங்களில் எவ்வளவு மெத்தனம் இருந்தது என்பதே பெரிதாகத் தெரிகிறது. ஒன்றே ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது. பள்ளிகளைத் திறந்துவைத்த முடிவை எப்படி மதிப்பிடுவது? எங்கள் வட்டத்தில் ஆசிரியர்கள் பலர் இருப்பதால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மறுமொழி: கணக்கன்

சுவீடனின் முடிவுகளில் காலம் நன்கு ஆதரித்தது இது ஒன்றைத்தான் என்பேன். ஆனால் "பள்ளிகள் திறந்திருந்தன" என்பதே பாதி உண்மை. பதினாறு வயதுக்கு மேற்பட்டோரின் மேல்நிலைப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் 2020 மார்ச் 18 முதல் தொலைவழிக் கல்விக்கு மாறிவிட்டன. திறந்திருந்தவை மழலையர் பள்ளிகளும் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பள்ளிகளுமே.

குழந்தைகளைப் பொறுத்தவரை அச்சம் மெய்யாகவில்லை. யோனாஸ் லுட்விக்சனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, 2020 மார்ச் முதல் ஜூன் வரை, ஒன்று முதல் பதினாறு வயது வரையிலான ஏறத்தாழ 19.5 லட்சம் குழந்தைகளில் கொரோனாவுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்கள் 15 பேர். அக்காலத்தில் இந்நோயால் இறந்த குழந்தை ஒன்றுமில்லை. பிற நாடுகளில் பள்ளி மூடலால் தொடக்க வகுப்பினரின் வாசிப்புத் திறன் பின்தங்கியதாக அறிக்கைகள் வந்தபோது, சுவீடனில் அத்தகைய பின்னடைவு காணப்படவில்லை.

ஆசிரியர்களின் நிலை வேறு. மேல்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டதும் கீழ்வகுப்புகள் திறந்திருந்ததும் ஆய்வாளர்களுக்கு இயல்பாகவே ஓர் ஒப்பீட்டைத் தந்தன. ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை நேரில் கற்பித்தவர்களுக்கு, வீட்டிலிருந்து கற்பித்த மேல்நிலை ஆசிரியர்களைவிடத் தொற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. அந்த ஆசிரியர்களின் வாழ்க்கைத்துணைகளுக்கும் ஓரளவு கூடியது. பெற்றோருக்குக் கூடியது மிகச் சிறிதே. இந்நிலையிலும் பள்ளி ஊழியர்களுக்கு முகக்கவசம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படவில்லை. பொதுப் போக்குவரத்தின் நெரிசல் நேரத்துக்கே அந்தப் பரிந்துரை 2021 ஜனவரியில்தான் வந்தது. பள்ளிகளைத் திறந்துவைத்தது சரி, அவற்றுக்குள் நின்று வேலை செய்தவர்களைக் காக்க எதுவும் செய்யாதது தவறு என்று இரண்டையும் சேர்த்தே உங்கள் ஆசிரியர்களிடம் சொல்லலாம். அவர்கள் இரண்டாவதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவார்கள் என்று நினைக்கிறேன்.